செவ்வாய்க்கிழமை கட்டிய பொதி

பெரியவளே, சின்னவனே,

"அப்பா கம்ப்யூட்டர்ல கையெழுத்து போடறேன்னு சொல்றாரே, பேனா எங்க இருக்கு?" என்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நான் சிரித்துவிட்டு, ரசத்தை ஊற்றிக்கொண்டு பேச்சை மாற்றிவிட்டேன். சொல்லத் தெரியாமல் இல்லை. ஒரு நாள் நடந்ததை முழுசாகச் சொன்னால்தான் அது விளங்கும், நாலு வாய் சோற்றுக்குள் சொல்லி முடிகிற சங்கதி இல்லை. இப்போது எழுதுகிறேன்.

நான் படித்தது பன்னிரண்டாவது வரை. அதற்கு மேல் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன். ஊரப்பாக்கத்தில் ஒரு கம்பெனியின் சர்வர் அறையில் ஏ.சி.யையும் யு.பி.எஸ்.ஸையும் பார்த்துக்கொள்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த அறையில் குளிர் அதிகம், ஆள் நடமாட்டம் குறைவு. வேலை முடிந்த நேரங்களில் அங்கே உட்கார்ந்துதான் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். நானாகவே கற்றேன் என்று பெருமை பேசமாட்டேன். முகம் தெரியாத எத்தனையோ பேர், தாங்கள் எழுதியதை யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று இணையத்தில் திறந்து வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். வாங்கியதற்கு நாமும் எதையாவது திறந்து வைக்கவேண்டும் என்றுதான் அலைப்பலகை வேலையில் சேர்ந்தேன்.

அலைப்பலகை என்றால் பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. மீன் ஏலம் போடும் கொட்டகையில் மாட்டியிருக்கும் ஒரு திரை, அதன் பின்னால் உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர். நாளைக்கு அந்த ஊர்க் கரையில் அலை எப்படி இருக்கும், காற்று எப்படி அடிக்கும் என்று இணையத்திலிருந்து எடுத்துக் காட்டும். பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் யோசித்துப் போகவேண்டும். சிவப்பு என்றால் படகைத் தள்ளக்கூடாது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் தாண்டி வரைக்கும் பல குப்பங்களில் அது தொங்குகிறது.

இதைச் செய்பவர்கள் மூன்று பேர். நான் ஒருவன். கல்பாக்கத்தில் ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் டீச்சர் ஒருவர். என்னை அண்ணா என்பார். மூன்றாவது ஆள் மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்காரன். படகு இஞ்சின் மெக்கானிக், தானே கடலுக்கும் போகிறவன். திரையை மாட்டுவது, ஒயர் இழுப்பது, எலி கடித்தால் மாற்றுவது எல்லாம் அவன். நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் சின்னவனுக்கு இறால் வறுவல் கொண்டுவந்து தருவானே, அவன்தான்.

இப்போது பொதிக்கு வருகிறேன். புரோகிராமில் ஏதாவது திருத்தினால், அந்த எழுத்து எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, அதற்கு ஒரு எண் கொடுத்து, இணையத்தில் வைப்போம். அதைத்தான் பொதி என்கிறேன். ஒவ்வொரு பலகையும் தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எட்டிப் பார்க்கும். புதுப் பொதி இருந்தால் எடுத்துக்கொள்ளும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காது. அதில் எங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பார்க்கும்.

அந்தக் கையெழுத்து பேனாவில் போடுவதல்ல. பீரோவில் அம்மாவின் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு பென் டிரைவ் இருக்கிறதே, தொட்டால் திட்டுவேனே, அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவியை வைத்துப் பொதியின் மேல் ஒரு குறி போடுவேன். அது உண்மையான குறியா என்று பலகைக்குப் பார்க்கத் தெரியும். அதே போல ஒன்றைப் போடத் தெரியாது. நடுவழியில் யாராவது பொதியைப் பிரித்து ஒரு எழுத்தை மாற்றினாலும் குறி ஒட்டாது, பலகை திருப்பி அனுப்பிவிடும்.

ஆனால் குறி போடுகிற நானே தப்பான பொதிக்குப் போட்டுவிட்டால்? அதற்காக நாங்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். நான் என் வீட்டில் பொதி கட்டுவேன். டீச்சர் அவர் வீட்டில் தனியாகக் கட்டுவார். ஒருவர் கட்டியதை மற்றவர் பார்க்கமாட்டோம். கட்டிய பொதியை ஒரு கணக்கில் போட்டால் நீளமாக ஒரு எண் வரும். உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுக்க வேறாகிவிடும். இரண்டு பேருடைய எண்ணும் போனில் படித்துப் பார்த்து ஒத்துப்போனால்தான் நான் கையெழுத்துப் போடுவேன்.

அந்த எண்ணில் இலக்கங்களோடு 'ஏ' முதல் 'எஃப்' வரை ஆறு ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். 'பி'யும் 'டி'யும் 'இ'யும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். அதனால் எழுத்துக்கு ஒரு வண்டி என்று பேர் வைத்தோம். ஆட்டோ, பஸ், சைக்கிள், டிராக்டர், எஞ்சின், ஃபைபர். கடைசியில் உள்ளது ஃபைபர் படகு. "ஏழு ஆட்டோ மூணு மூணு பஸ்" என்று நான் படிக்கும்போது நீங்கள் பின்பாட்டுப் பாடுவீர்களே, அது இதுதான்.

நான் சொல்ல வந்த நாளில் மழைக்கு லீவு விட்டிருந்தார்கள். வழக்கம்போல வெயில் காய்ந்தது. நீங்கள் இருவரும் மாடியில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தீர்கள். எனக்குக் காலை ஷிப்ட் முடிந்திருந்தது. மத்தியானம் மெக்கானிக் போன் செய்தான்.

"அண்ணாத்த, போர்டு பச்சையா கீது."

"இருக்கட்டுமே."

"இன்னா இருக்கட்டும்? முந்தாநேத்து காட்டுன அதே பச்சை, அதே நம்பரு. நேத்தும் அதான், இன்னிக்கும் அதான். கடலு அச்சுல வார்த்த மாதிரியா கீது? அலை உள்ளுக்குள்ள பெருசா எழும்பிகினு வருது. நாளைக்கு காலைல செமையா அடிக்கப்போவுது பாரு."

பார்த்தேன். நாங்கள் தகவல் எடுக்கும் இடத்தில் தேதி எழுதும் முறையை மாற்றிவிட்டார்கள். புதுத் தேதி பலகைக்குப் புரியவில்லை. புரியாவிட்டால் சும்மா இருக்காமல், கடைசியாகப் புரிந்ததையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருந்தது. உண்மையில் மறுநாளைக்கு முழுக்கச் சிவப்பு.

"எல்லாருக்கும் சொல்லிடு" என்றேன்.

"எங்க ஊர்ல சொல்லிட்டேன், போர்டையும் புடுங்கி கீழ வெச்சிட்டேன். மத்த ஊருக்கும் போன் போட்டுகினுதான் கீறேன். ஆனா திருவிடந்தைல இன்னா பண்றது?"

திருவிடந்தையில் அவனுடைய அண்ணன் குடும்பம் இருக்கிறது. மாமனார் ஊரோடு போய்விட்டவர். ஒரு வலை விஷயமாக அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை நின்று ரொம்ப நாளாகிறது. தம்பி நம்பரைப் பார்த்தால் போனை எடுக்கமாட்டார்.

"வேற யாரையாவது விட்டுச் சொல்லேன்."

"நான் சொல்லி அனுப்பினேன்னு தெரிஞ்சா வேணும்னே போவான். ரேடியோல சொன்னாலும் கேக்க மாட்டான். 'மழைன்னானுங்க, வெயிலு காயுது, இதுல அலை மட்டும் வந்துடுமா'ன்னு டீக்கடைல பேசிகினு கீறானாம். அந்த போர்டைத்தான் நம்புவான். அதை நான் மாட்டினேன்னு மட்டும் அவனுக்குத் தெரியாது."

இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். ஆனால் குரல் சிரிக்கவில்லை.

நான் உட்கார்ந்தேன். இரண்டு திருத்தம் வேண்டியிருந்தது. ஒன்று, புதுத் தேதியைப் படிக்கவேண்டும். இன்னொன்று, புரியாத நாளில் பழைய பச்சையைக் காட்டாமல் திரையைக் கறுப்பாக்கி, 'தகவல் இல்லை' என்று சொல்லவேண்டும். இதெல்லாம் என் கைக்கு வந்த வேலை. பயம் இல்லை. மூன்று மணி தாண்டும்போது முடித்து, சோதித்து, திருத்தத்தை இணையத்தில் எல்லோருக்கும் பொதுவான இடத்தில் சேர்த்தேன். டீச்சரிடம் ஒருமுறை படிக்கச் சொன்னேன். அவர் பள்ளிக்கும் லீவுதான். வரி வரியாகப் படித்து, "சரியா இருக்குண்ணா, கட்டிடலாம்" என்றார்.

கட்டினோம். மூன்று பேரும் ஒரே அழைப்பில் இருந்தோம். நான் படிக்க ஆரம்பித்தேன்.

"நாலு, டிராக்டர், டிராக்டர், ஒண்ணு."

"இல்லண்ணா" என்றார் டீச்சர். "எனக்கு சைக்கிள், எட்டு, ரெண்டு, ஃபைபர்."

முதல் எழுத்திலேயே வேறு. மறுபடி கட்டினேன். என் எண் மாறவில்லை. அவரும் மறுபடி கட்டினார். அவருடையதும் மாறவில்லை. ஆளுக்கொரு பொதி; இரண்டும் பிடிவாதமாக நின்றன.

மெக்கானிக் பொறுமை இழந்தான். "இன்னா அண்ணாத்த, இ.சி.ஆர். ரோட்ல நின்னுகினு வண்டி எண்ணிகினு கீறீங்களா ரெண்டு பேரும்? ஆறு மணிக்குள்ள போவணும். உன்னுது சரின்னு உனக்குத் தெரியுதில்ல? கையெழுத்தைப் போட்டு அனுப்பு."

"ரெண்டும் ஒத்துப்போகலையே."

"அவங்களுது தப்பா இருந்துட்டுப் போவட்டும்."

"எது தப்புன்னு தெரியாதே மச்சான். என்னோடதா இருந்தா?"

"உன்னோடதுல இன்னா தப்பு வரப்போவுது? என் அண்ணன் வூட்ல ரெண்டு பொண்ணுங்க கீதுங்க. நீ இங்க நம்பரு பாத்துகினு கீற."

அந்தப் பேச்சு எனக்கு உறைத்தது. அவன் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். அந்தப் பலகை இருக்கும் எந்த ஊரிலும் என்னை யாருக்கும் தெரியாது. என் முகத்தைப் பார்த்து அவர்கள் படகைக் கரையில் நிறுத்துவதில்லை. பலகை சொன்னால் சரியாக இருக்கும் என்றுதான் நிறுத்துகிறார்கள். பலகை எங்கள் குறியை நம்புகிறது. அந்தக் குறிக்கு ஒரே அர்த்தம்தான்: இரண்டு பேர் தனித்தனியாகக் கட்டினோம், இரண்டும் ஒன்றாக வந்தது. வராதபோது போட்டால் அந்தக் குறி பொய் சொல்லும். அவசரத்துக்கு ஒருநாள் பொய் சொன்ன பலகை, மறுநாள் எதைச் சொன்னாலும் எதை வைத்து நம்புவது?

"இப்படியே போட மாட்டேன்" என்றேன். "ஆனா ஆறு மணிக்குள்ள போடுவேன். இரு."

"அப்ப எனக்கு அந்தப் பொதியை அனுப்பு. எங்க ஊரு போர்டுல வெச்சிப் பாக்கறேன். வேலை செஞ்சா பைக்ல திருவிடந்தை போயி, யாருக்கும் தெரியாம ஏத்திட்டு வந்துடறேன்."

அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் போனில் திரும்ப வந்தான்.

"யோவ் அண்ணாத்த! உன் போர்டு என்னையே உள்ள வுட மாட்டேங்குது. 'கையெழுத்து இல்லை'ன்னு எழுதிகினு நிக்குது. மாட்டினவன் நான், ஒயரு இழுத்தவன் நான், இதுக்கு எலிப்பொறி வெச்சவன் நான்!"

டீச்சர் சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. தன்னைச் சுவரில் மாட்டியவனையே நம்பாத பலகையைத்தான் நாங்கள் செய்திருந்தோம்.

"சரி டீச்சர்" என்றேன். "எண்ணை விடுங்க. ரெண்டு மூட்டையையும் பிரிச்சுப் பார்ப்போம்."

உள்ளே என்னென்ன இருக்கிறது என்று இருவரும் பட்டியல் எடுத்தோம். நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஆமாம் ஆமாம் என்றார். அதே கோப்புகள், அதே வரிசை, அதே அளவு. எழுத்துக்கு எழுத்து ஒன்று. பிறகு ஏன்? ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் ஒரு நேரம் இருக்கும். கட்டும்போது எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தைப் போட்டுவிடுவோம். கடைசித் திருத்தம் எப்போது சேர்ந்ததோ அந்த நேரம். கட்டும் கருவி அதைத் தானாகவே எடுத்துக்கொள்ளும்.

"என்கிட்ட மூணு மணி பத்து நிமிஷம்னு இருக்கு" என்றேன். "உங்ககிட்ட?"

கல்பாக்கத்தில் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"டீச்சர்?"

"நாலரைக்கு மேல போட்டிருக்கு அண்ணா."

கடிகாரத்தைப் பார்த்தேன். நாலு மணிகூட ஆகவில்லை. "இன்னும் நாலரையே ஆகலையே. எப்படி வந்தது?"

"நான்தான் கையால போட்டேன்." குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது. "இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை. மூணுல இருந்து நாலரை வரைக்கும் ராகு காலம். கடலுக்குப் போறவங்க விஷயம். பொதி பொறந்த நேரம் அதுல இருக்க வேணாமேன்னு... எண்ணு மாறும்னு அந்த நிமிஷம் தோணவே இல்லண்ணா. பசங்களுக்கு நானே பாடம் எடுக்கறேன்!"

நம் வீட்டுக் காலண்டர் கோயிலில் ஃபாதர் கொடுத்தது. அதில் ஞாயிறு திருப்பலி வாசகம் இருக்கும், ராகு காலம் இருக்காது. ஒரு வருஷம் தேடியிருந்தாலும் என் மூளை அந்தப் பக்கம் போயிருக்காது.

மெக்கானிக் வெடிப்பான் என்று நினைத்தேன். அவனோ, "மொதல்லயே சொல்றதில்ல டீச்சர்?" என்றான், ரொம்ப மரியாதையாக. "ராகு காலத்துல எங்க அண்ணன் இஞ்சின் கயித்தைக்கூட தொட மாட்டான். நல்ல வேளை, இந்தாளு அதுக்குள்ள கையெழுத்துப் போடல."

"அட, இப்பதானே போடு போடுன்னு குதிச்ச?"

"அது தெரியாத சொன்னது. இப்ப தெரிஞ்சிபோச்சில்ல?"

டீச்சர் உடனே, "வேணாம்ணா, உங்க நேரத்தையே வெச்சுக் கட்டிடறேன், அஞ்சு நிமிஷம்" என்றார். கட்டியிருக்கலாம். எண் ஒத்துப்போயிருக்கும். ஆனால் அவர் மனசிலும் இவன் மனசிலும் ஒரு முள் நின்றிருக்கும். அதற்காக இல்லாத நேரத்தைப் பொதியில் எழுதவும் என்னால் முடியாது. நடக்காததை நடந்ததாகச் சொல்வதும் பொய்தான்.

யோசித்தேன். ஒரு வேலை நிஜமாகவே மிச்சம் இருந்தது. ஒவ்வொரு பொதியிலும், இதில் என்ன மாறியிருக்கிறது என்று குப்பத்து ஆட்களுக்குப் புரிகிற தமிழில் நாலு வரி எழுதிச் சேர்ப்போம். அவசரத்தில் நான் அதை விட்டிருந்தேன்.

"டீச்சர், அந்த நாலு வரியை நீங்க எழுதுங்க. நிதானமா எழுதுங்க. நாலரை தாண்டினதும் நீங்களே சேருங்க. அப்ப கடைசித் திருத்தம் உங்களோடது, நேரமும் நிஜ நேரம். ரெண்டு பேரும் கை வைக்காம கட்டுவோம்."

"ஆறு மணிக்குள்ள முடியுமா அண்ணா?"

"முடியும்."

சும்மா தைரியத்துக்குச் சொல்லவில்லை. எது வேறாயிருந்தது என்று தெரிந்துவிட்ட பிறகு பயப்பட ஒன்றுமில்லை. காத்திருந்த நேரத்தில் உங்கள் அம்மா டீ கொண்டுவந்து வைத்தாள். பந்து தொலைந்தது என்று சின்னவன் அழுதுகொண்டு வந்தான். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேடி எடுத்துக் கொடுத்தேன்.

நாலரை தாண்டியதும் டீச்சர் தன் வரிகளைச் சேர்த்தார். 'இதுவரை தகவல் வராத நாளில் பலகை பழைய நிறத்தைக் காட்டியது. இனிமேல் அப்படிக் காட்டாது. திரை கறுப்பாக இருந்தால், எங்களுக்கும் தெரியவில்லை என்று அர்த்தம்.' நான் எழுதியிருந்தால் இவ்வளவு சுத்தமாக வந்திருக்காது.

கட்டினோம். படித்தேன். "எஞ்சின், ஒன்பது, ஒன்பது, ஆட்டோ."

"எஞ்சின், ஒன்பது, ஒன்பது, ஆட்டோ."

ஒத்துப்போனாலும் பாதியில் நிறுத்தமாட்டோம். கடைசி எழுத்து வரை போனோம். முடிவில் ஒரு ஃபைபர் வந்தது. இருவரும் ஒன்றாகச் சொன்னோம். "வந்துடுச்சுடா நம்ம வண்டி!" என்று குப்பத்திலிருந்து ஒரு கத்தல்.

பீரோவைத் திறந்து, சாவியைச் செருகி, கடவுச்சொல்லைத் தட்டிக் கையெழுத்துப் போட்டேன். பொதியையும் குறியையும் ஏற்றினேன். ஆறு மணிக்கு முன்னாலேயே எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

மெக்கானிக் தன் ஊர்ப் பலகையை மறுபடி சுவரில் மாட்டி அதன் எதிரே நின்றான். போன் காதில்தான். ஆறு அடித்தது. "எட்டிப் பாக்குது... இறக்குது... கையெழுத்து சரின்னு சொல்லுது. கறுப்பாச்சி. அண்ணாத்த, கறுப்பா நிக்குது!" புதுத் தகவலை எடுக்கும்வரை அது கறுப்பாகத்தான் நிற்கும். "செவப்பு. கரி அடுப்பு மாதிரி செவப்பு."

திருவிடந்தையிலும் மாறியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். அவன் அண்ணன் அதைப் பார்த்தாரா என்பதுதான் தெரியாது. போய்ப் பார்க்கவும் இவனுக்கு மனசு வரவில்லை. இவன் நிழலைப் பார்த்தாலே அவர் படகைத் தள்ளிவிடுவாரோ என்ற பயம்.

சாப்பாட்டு நேரத்துக்கு மறுபடி போன் வந்தது. மெக்கானிக்தான்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"எங்க அண்ணன் போன் பண்ணான்."

"யாருக்கு?"

"எனக்குதான்யா. இத்தினி நாளு கழிச்சி. எடுத்த உடனே, 'டேய், இங்க போர்டு செவப்பு காட்டுது. உங்க ஊர்ல ஒழுங்கா காட்டுதோ இன்னாமோ. நாளைக்கு நீ கடல்ல எறங்காத'ன்றான். எனக்குச் சொல்றான் அண்ணாத்த! நான் மாட்டுன போர்டைப் பாத்து எனக்கே சொல்றான்."

"நீ என்ன சொன்ன?"

"'சரி, நீ?'ன்னு கேட்டேன். 'நான் இன்னா லூசா? வண்டியை மேல இழுத்துக் கட்டிட்டேன்'னான். அப்பறம் வெச்சிட்டான்."

"அவ்வளவுதானா?"

"வெக்கறதுக்கு முன்னாடி, 'சாப்ட்டியா'ன்னு கேட்டான்" என்றான் மெக்கானிக்.